முதலில் இடம், பிறகு அளவு, கடைசியில் விலை: மடிக்கணினிக்கு இணையம் தேர்வு செய்தல்

(குறுவள மையக் கூட்டம் ஒன்றில் தொடக்க, நடுநிலை, உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்தக் கூட்டங்களில் கற்றல் விளைவுகளைப் பற்றியும் பாடத் துணைக்கருவிகளைப் பற்றியும் பேசுவதுதான் வழக்கம். இன்று எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு சற்று வேறானது. "சார், லேப்டாப்புக்கு எந்த சிம் போடலாம்? எந்த பேக் நல்லது?" ஆசிரியர்கள் இரண்டு பேர் சந்தித்தால் இந்தக் கேள்வி வந்துவிடுகிறது. சிறிய கேள்விபோலத் தெரிந்தாலும் இதற்குப் பின்னால் இரண்டு பெரிய விஷயங்கள் இருக்கின்றன.

ஒன்று, குழந்தைகளின் நேரம். ஈராசிரியர் பள்ளியில் ஓர் ஆசிரியர் மூன்று வகுப்புகளைச் சேர்த்து வைத்துப் பாடம் நடத்துகிறார். திரையில் ஒரு காணொலியைப் போடுகிறார். வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. ஐந்து நிமிடம் போகிறது. வகுப்பு கலைந்துவிடுகிறது. மறுபடியும் கூட்டுவதற்கு இன்னும் ஐந்து நிமிடம். 40 நிமிடப் பாடவேளையில் கால் பங்கு போய்விட்டது.

இரண்டு, உங்கள் பணம். பலர் சொந்தச் சம்பளத்திலிருந்து ரீசார்ஜ் செய்கிறீர்கள். நல்ல மனத்தோடு செலவழிக்கும் அந்தப் பணம் வகுப்பறைக்குப் பயன்படாமல் நள்ளிரவு 12 மணிக்குக் காலாவதியாகிப் போவதை நிறையப் பள்ளிகளில் பார்க்கிறோம்.

எனவே எந்த நிறுவனம் நல்லது என்று நான் சொல்லப்போவதில்லை. சொன்னாலும் அது உங்கள் ஊருக்குப் பொருந்தாது. எப்படித் தேர்வு செய்வது என்ற முறையை மட்டும் சொல்கிறேன். அந்த முறைக்கு மூன்று படிகள்: முதலில் இடம், பிறகு அளவு, கடைசியில் விலை. நாம் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். விலையைப் பார்த்து பேக் போடுகிறோம், பிறகு எவ்வளவு டேட்டா என்று பார்க்கிறோம், கடைசியில்தான் வகுப்பறையில் சிக்னல் இல்லை என்று தெரிகிறது.

முதல் படி: இடம்

செல்போன் இணையம் என்பது வானொலி அலை. டவருக்கும் உங்கள் வகுப்பறைக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் அது வந்து சேரும். ஜவ்வாது மலையிலோ கல்வராயன் மலையிலோ வேலை செய்தவர்களுக்கு இது தெரியும். ஒரு வளைவில் நான்கு கோடு காட்டும், அடுத்த வளைவில் ஒன்றுமே இருக்காது. சமவெளியிலும் இதே கதைதான், அளவு மட்டும் சிறியது. வராந்தாவில் கிடைக்கும் சிக்னல், கான்கிரீட் கூரையும் இரும்புச் சன்னல் கம்பியும் தகரக் கதவும் உள்ள அறைக்குள் பாதியாகிவிடும்.

ஆகவே பேருந்து நிறுத்தத்திலோ உங்கள் வீட்டிலோ நன்றாகக் கிடைக்கிறது என்பதை வைத்து முடிவு செய்யக்கூடாது. மடிக்கணினியை எந்த மேசையில் வைத்துப் பாடம் நடத்துவீர்களோ, அந்த மேசையில் அளக்க வேண்டும்.

செல்போனின் மேல் மூலையில் தெரியும் கோடுகளை நம்பாதீர்கள். எத்தனை கோடு காட்டுவது என்பதை ஒவ்வொரு செல்போன் தயாரிப்பாளரும் தம் விருப்பப்படி வைத்திருக்கிறார்கள். அதற்குப் பதிலாக எண்ணைப் பாருங்கள். பெரும்பாலான ஆண்ட்ராய்டு செல்போன்களில் 'செட்டிங்ஸ்' போய், 'அபவுட் ஃபோன்' என்பதற்குள் 'சிம் ஸ்டேட்டஸ்' என்பதைத் தொட்டால், 'சிக்னல் ஸ்ட்ரெங்த்' என்று ஓர் எண் இருக்கும். டிபிஎம் என்ற அலகில் குறை எண்ணாக வரும். 4ஜி இணைப்பில் அது −90 அல்லது அதைவிட மேலாக, அதாவது −85, −80 என்று இருந்தால் நல்லது. −100 என்றால் சமாளிக்கலாம். −110-க்கும் கீழே போனால் காணொலி ஓடுவது சிரமம்.

கணித ஆசிரியர்கள் இந்த இடத்தில் புன்னகைப்பது தெரிகிறது. −85 பெரியதா, −105 பெரியதா என்று முழுக்கள் பாடத்தில் நாம் கேட்கும் கேள்விதான் இது. அறிவியல் ஆசிரியர்களுக்கு இன்னொரு செய்தி: இந்த அளவு மடக்கை முறையில் அமைந்தது. 10 அலகு குறைந்தால் வரும் ஆற்றல் பத்தில் ஒரு பங்காகிறது. −85-க்கும் −105-க்கும் உள்ள வித்தியாசம் 20 அலகு, அதாவது 100 மடங்கு. எண்ணில் சிறியதாகத் தெரியும் வித்தியாசம் வகுப்பறையில் மிகப் பெரியது.

இதை அளக்க மூன்று சிம் வாங்க வேண்டியதில்லை. உங்கள் பள்ளி ஆசிரியர்களின் செல்போன்களைச் சேர்த்துப் பார்த்தாலே இரண்டு மூன்று நிறுவனங்களின் சிம் இருக்கும். ஈராசிரியர் பள்ளியாக இருந்தால் சத்துணவு அமைப்பாளரிடமோ பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினரிடமோ ஐந்து நிமிடம் செல்போனைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். ஒரு தாளில் கட்டம் போட்டு, மூன்று இடங்களில் எழுதுங்கள்: வகுப்பறை மேசை, சன்னல் ஓரம், தலைமையாசிரியர் அறை.

சிக்னல் பலமாக இருந்தும் வேகம் இல்லாமல் இருப்பதுண்டு. ஒரே டவரில் பலர் ஒரே நேரத்தில் இருந்தால் அப்படி ஆகும். அதற்கு வேகத்தையும் அளக்க வேண்டும். இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 'மைஸ்பீடு' செயலி இதற்கென்றே இருக்கிறது. காலை 9.30 மணிக்கு வருகைப்பதிவு நேரத்தில் ஒரு முறை, நண்பகலில் ஒரு முறை, மாலை 3 மணிக்கு ஒரு முறை. இரண்டு நாள் செய்தால் போதும். ஒவ்வொரு சோதனைக்கும் டேட்டா செலவாகும் என்பதால் விளையாட்டாகத் திரும்பத் திரும்பச் செய்யாதீர்கள். பதிவிறக்க வேகத்தை மட்டும் பார்க்காமல் பதிவேற்ற வேகத்தையும் எழுதுங்கள். எமிஸ் தளத்தில் விவரம் ஏற்றுவதும், படங்களை அனுப்புவதும், இணையவழிக் கூட்டத்தில் நம் குரல் போய்ச் சேருவதும் பதிவேற்ற வேகத்தைப் பொறுத்தவை.

எவ்வளவு வேகம் வேண்டும்? ஒரு மடிக்கணினி, ஒரு வகுப்பு என்றால் வினாடிக்கு 3 முதல் 5 மெகாபிட் நிலையாகக் கிடைத்தால் தாராளம். இந்தியாவில் 5ஜி சேவை 2022 அக்டோபரில் தொடங்கியது முதல் விளம்பரங்களில் நூற்றுக்கணக்கில் வேகம் சொல்கிறார்கள். நம் வகுப்பறைக்கு அது தேவையில்லை. ஒரு நிமிடம் 100, அடுத்த நிமிடம் 0 என்று இருப்பதைவிட நாள் முழுவதும் 4 கிடைப்பது மேல்.

ஓர் எடுத்துக்காட்டு. ஒரு பள்ளியில் மூன்று சிம்களையும் அளந்தால், மலிவான பேக் உள்ள நிறுவனத்துக்கு மேசையில் −112, சன்னலில் −98 வருகிறது. சற்று விலை கூடிய நிறுவனத்துக்கு மேசையிலேயே −88. இப்போது ஆசிரியர் முன் இரண்டு வழிகள் இருக்கின்றன. விலை கூடியதை எடுக்கலாம், அல்லது மலிவானதை எடுத்துக் கருவியைச் சன்னலில் வைக்கலாம். எது சரி என்பது எந்தக் கருவி பயன்படுத்தப்போகிறோம் என்பதைப் பொறுத்தது.

கருவி: செல்போனா, டாங்கிளா, கையடக்க ரூட்டரா?

மடிக்கணினிக்குச் செல்போன் இணையம் தர மூன்று வழிகள் உண்டு.

முதலாவது, நம் செல்போனின் ஹாட்ஸ்பாட். கூடுதல் செலவு இல்லை. எப்போதாவது பயன்படுத்துபவருக்கு இதுவே போதும். மணிக்கணக்கில் பயன்படுத்தினால் செல்போன் சூடாகும், சார்ஜ் இறங்கும். அதற்கு ஒரு நல்ல மாற்று, சார்ஜ் போடும் யூஎஸ்பி கேபிளாலேயே செல்போனை மடிக்கணினியுடன் இணைத்து, செட்டிங்ஸில் 'யூஎஸ்பி டெதரிங்' என்பதை இயக்குவது. சார்ஜும் ஏறும், இணைப்பும் உறுதியாக இருக்கும். கேபிள் தரவு கடத்தக்கூடியதாக இருக்க வேண்டும். சில மலிவான கேபிள்கள் சார்ஜ் மட்டுமே ஏற்றும்.

ஆனால் ஹாட்ஸ்பாட்டில் ஒரு நிர்வாகச் சிக்கல் இருக்கிறது. தலைமையாசிரியர் வட்டாரக் கல்வி அலுவலகத்துக்குப் போனால் அவருடைய செல்போனும் போகிறது, பள்ளியின் இணையமும் போகிறது. ஆசிரியர் தற்செயல் விடுப்பு எடுத்தால் இணையமும் விடுப்பு எடுத்துக்கொள்கிறது. வகுப்பில் அன்றாடம் பயன்படுத்தும் பள்ளிக்கு ஒருவர் சட்டைப் பையில் இருக்கும் இணையம் போதாது.

இரண்டாவது, யூஎஸ்பி டாங்கிள். பென் டிரைவ் போல மடிக்கணினியில் நேரடியாகச் செருகுவது, நாம் டேட்டா கார்டு என்று சொல்லிவந்தது. பழைய டாங்கிள் பீரோவில் இருக்கிறதே, சிம் போட்டுப் பயன்படுத்தலாமா என்று கேட்பவர்கள் உண்டு. சிடிஎம்ஏ முறையில் இயங்கிய டாங்கிள்களுக்கு இன்று நாட்டில் சேவையே இல்லை. 3ஜி டாங்கிள்களும் பெரும்பாலும் உதவாது. 2016 செப்டம்பர் 5 அன்று, ஆசிரியர் தினத்தன்று, சேவையைத் தொடங்கிய ஜியோ அப்போது முழுக்க 4ஜி வலையமைப்பாக இருந்தது. ஏர்டெல் 2020-இல் 3ஜியை நிறுத்திவிட்டது. எனவே புதிதாக வாங்கினால் 4ஜி கருவியாகப் பார்த்து வாங்க வேண்டும். டாங்கிளை நேரடியாகச் செருகாமல் ஒரு யூஎஸ்பி நீட்டிப்புக் கேபிள் மூலம் சன்னல் ஓரத்தில் வைக்கலாம்.

மூன்றாவது, கையடக்க வைஃபை ரூட்டர். தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய கருவி. அதற்குள் சிம் போட்டால் அது வைஃபை கொடுக்கும். சிக்னல் எங்கே நன்றாக இருக்கிறதோ அங்கே வைக்கலாம். அறைக்குள் வைஃபை வந்து சேரும். மடிக்கணினி, ஆசிரியரின் டேப்லெட், தலைமையாசிரியரின் செல்போன் எல்லாம் ஒரே நேரத்தில் இணையலாம். பள்ளிக்கென்று ஒன்று வாங்குவதானால் என் பரிந்துரை இதுதான்.

கருவி வாங்கும்போது கடைக்காரரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். "எல்லா நிறுவனத்து சிம்மும் இதில் வேலை செய்யுமா?" ஒரே நிறுவனத்தின் சிம் மட்டும் ஏற்கும்படி பூட்டப்பட்ட கருவிகள் உண்டு. "நான் எடுக்கப்போகும் நிறுவனத்தின் அலைவரிசைகள் இதில் உண்டா?" நிறுவனங்கள் வெவ்வேறு அலைவரிசைகளில் 4ஜி தருகின்றன. குறைந்த அதிர்வெண் அலை தூரம் போகும், சுவரையும் ஓரளவு ஊடுருவும். கிராமப் பள்ளிக்கு அதுதான் வந்து சேரும். அது இல்லாத கருவியை வாங்கினால் அருகிலேயே டவர் இருந்தும் பயனிருக்காது. முடிந்தால் உங்கள் சிம்மை அதே இடத்தில் போட்டுக் காட்டச் சொல்லி வாங்குங்கள்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். உயர் தொழில்நுட்ப ஆய்வகம் போல பத்து கணினிகள் ஒரே நேரத்தில் இயங்கும் இடத்துக்கு இந்தக் கருவிகள் எதுவும் ஏற்றவை அல்ல. அங்கே கம்பிவழி அகண்ட அலைவரிசைதான் வேண்டும். நான் பேசுவது ஒரு மடிக்கணினி, அதிகம் போனால் மூன்று கருவிகள் உள்ள பள்ளியைப் பற்றி.

இரண்டாம் படி: அளவு

எவ்வளவு டேட்டா வேண்டும் என்று கேட்டால் பெரும்பாலோர், "தினம் 2 ஜிபி இருந்தால் நல்லது" என்பார்கள். அது விளம்பரம் சொல்லிக்கொடுத்த விடை. நாமே கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

வேகத்தை மெகாபிட்டில் சொல்கிறார்கள், டேட்டாவை மெகாபைட்டில் சொல்கிறார்கள். 8 பிட் சேர்ந்தது 1 பைட். ஆக, வேகத்தை வினாடிகளால் பெருக்கி 8-ஆல் வகுத்தால் செலவாகும் டேட்டா வரும். நடுத்தரத் தெளிவில், அதாவது 480 என்ற அமைப்பில், ஒரு காணொலி வினாடிக்குச் சுமார் 1 மெகாபிட் எடுக்கும் என்று வைத்துக்கொள்வோம். 10 நிமிடம் என்பது 600 வினாடி. 600-ஐ 8-ஆல் வகுத்தால் 75. பத்து நிமிடப் பாடத்துக்கு 75 எம்பி. அதே காணொலி 1080 தெளிவில் ஓடினால் நான்கு மடங்கு, 300 எம்பி அளவுக்குப் போகலாம். நம் வகுப்பறைத் திரைக்கும் தொலைக்காட்சிக்கும் 480 போதும். எழுத்துகள் பொடியாக இருந்தால் 720 வையுங்கள்.

இப்போது ஒரு மாதக் கணக்கு. 20 வேலை நாட்கள் என்று கொள்வோம்.

தினம் 20 நிமிடம் காணொலி: 150 எம்பி. 20 நாளைக்கு 3 ஜிபி.
வருகைப்பதிவு, படிவங்கள், தேர்வு விவரங்கள்: தினம் 20 எம்பி என்றால் மாதம் 0.4 ஜிபி.
இணையவழிக் கூட்டம், பயிற்சி: மாதம் 4 மணி நேரம், மணிக்கு 600 எம்பி என்றால் 2.4 ஜிபி.
பாடக் குறிப்பு தேடுதல், வினாத்தாள், படங்கள் பதிவிறக்கம்: தினம் 100 எம்பி என்றால் மாதம் 2 ஜிபி.
மடிக்கணினியின் மென்பொருள் புதுப்பித்தல்: 4 ஜிபி.

மொத்தம் 11.8 ஜிபி. சற்றுக் கூட்டி 15 ஜிபி என்று வைத்துக்கொள்ளலாம். உங்கள் பள்ளிக்கு இந்த எண்கள் மாறும். ஆனால் இதே ஐந்து வரிகளில் உங்கள் எண்ணைப் போட்டால் உங்கள் தேவை வந்துவிடும்.

கடைசி வரியைக் கவனியுங்கள். பட்டியலிலேயே பெரிய செலவு அதுதான், அதில் பாடம் ஒன்றும் இல்லை. செல்போனுக்கும் மடிக்கணினிக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான். செல்போன் தன்னைச் செல்போன் டேட்டாவில் இயங்கும் கருவி என்று அறிந்து சிக்கனமாக நடந்துகொள்ளும். மடிக்கணினியோ வைஃபை கிடைத்ததும் வரம்பில்லாத இணைப்பு என்று எண்ணிக்கொள்ளும். புதுப்பித்தலைப் பின்னணியில் இறக்கும். மேகச் சேமிப்பில் உள்ள கோப்புகளை ஒத்திசைக்கும். "காலையில்தான் நெட் போட்டேன், மத்தியானத்துக்குள் தீர்ந்துவிட்டது" என்ற புகாருக்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

தீர்வு எளிது. விண்டோஸ் மடிக்கணினியில் 'செட்டிங்ஸ்' போய் 'நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட்' பகுதியில் அந்த வைஃபையின் பண்புகளைத் திறந்தால் 'மீட்டர்டு கனெக்‌ஷன்' என்று ஒரு பொத்தான் இருக்கும். அதை இயக்கிவிடுங்கள். இது அளவு பார்த்துச் செலவழிக்க வேண்டிய இணைப்பு என்று கணினிக்குச் சொல்வது அது. பெரிய பதிவிறக்கங்கள் பெரும்பாலும் நின்றுவிடும். அதே பகுதியில் 'டேட்டா யூசேஜ்' என்பதைப் பார்த்தால் கடந்த 30 நாட்களில் எந்தச் செயலி எவ்வளவு எடுத்தது என்று பட்டியல் தரும். ஊகத்துக்குப் பதில் உண்மையான கணக்கு அங்கே இருக்கிறது. புதுப்பித்தலை அடியோடு நிறுத்திவிடக் கூடாது, பாதுகாப்புக்கு அது தேவை. மாதம் ஒரு முறை அகண்ட அலைவரிசை உள்ள இடத்துக்கு, வீட்டுக்கோ வட்டார வள மையத்துக்கோ, மடிக்கணினியைக் கொண்டுபோய்ச் செய்துகொள்ளுங்கள். நம் 15 ஜிபி 11 ஆகக் குறைந்துவிடும்.

அளவைப் போலவே அதன் வடிவமும் முக்கியம். தினம் 1.5 ஜிபி என்ற பேக் 28 நாளைக்கு 42 ஜிபி தருகிறது. நம் தேவை 15-தானே, தாராளம் என்று தோன்றும். ஆனால் பள்ளியின் பயன்பாடு தினமும் ஒரே மாதிரி இருப்பதில்லை. சனி, ஞாயிறு எட்டு நாளில் 12 ஜிபி தொடாமலே போகும். சாதாரண நாளில் 300 எம்பிதான் செலவாகும், மீதி நள்ளிரவில் மறைந்துவிடும். பயிற்சி நடக்கும் நாளில் 2 ஜிபி தேவைப்படும், அன்று மட்டும் பிற்பகலில் தீர்ந்துவிடும்.

தீர்ந்த பிறகு என்ன ஆகும்? பல பேக்குகளில் வேகம் வினாடிக்கு 64 கிலோபிட் ஆகக் குறையும். 'அன்லிமிடெட்' என்ற சொல்லுக்குப் பின்னால் பல நேரம் இருப்பது இதுதான். 64-ஐ 8-ஆல் வகுத்தால் வினாடிக்கு 8 கிலோபைட். 4 எம்பி உள்ள ஒரே ஒரு புகைப்படத்தை அனுப்ப 500 வினாடி, எட்டு நிமிடத்துக்கு மேல். இணைப்பு இருக்கிறது என்று கணினி காட்டும், வேலை மட்டும் நடக்காது.

எனவே மடிக்கணினிக்குத் தினசரி வரம்பு உள்ள பேக்கைவிட, மாதத்துக்கு மொத்தமாக இத்தனை ஜிபி என்று தரும் பேக் பொருத்தமானது. தேவையான நாளில் அதிகம், மற்ற நாளில் குறைவு என்று நம் விருப்பப்படி செலவழிக்கலாம். இத்தகைய டேட்டா பேக் வாங்கும்போது ஒரு கேள்வி கட்டாயம் கேளுங்கள்: "இது தனியாகவே இயங்குமா, அல்லது அடிப்படை பேக் ஒன்று நடப்பில் இருக்க வேண்டுமா?" அடிப்படை பேக் இருந்தால் மட்டுமே இயங்கும் டேட்டா பேக்குகள் நிறைய உண்டு. இதைக் கேட்காமல் போட்டுவிட்டு, மறுநாள் இரண்டாவது முறை பணம் கட்ட நேரிடும்.

மூன்றாம் படி: விலை

கட்டணங்கள் அடிக்கடி மாறுகின்றன. ஆகவே இன்றைய விலைப்பட்டியலைப் படிப்பதில் பயனில்லை. ஒப்பிடும் முறையைச் சொல்கிறேன். எண்கள் வெறும் கணக்குக்காக.

பேக் 'அ': ரூ.300, 28 நாள், தினம் 1.5 ஜிபி. பேக் 'ஆ': ரூ.200, 30 நாள், மொத்தம் 20 ஜிபி, அடிப்படை பேக் தேவையில்லை.

ஒரு ஜிபி என்ன விலை என்று பார்த்தால் 'அ' சுமார் ரூ.7, 'ஆ' ரூ.10. கடைக்காரர் 'அ'வைத்தான் மலிவு என்பார். ஆனால் நமக்குத் தேவை 15 ஜிபி. ஆண்டுக் கணக்கைப் பாருங்கள். 365-ஐ 28-ஆல் வகுத்தால் 13. ஆண்டுக்கு 12 மாதம் என்று நாம் நினைத்தாலும் 28 நாள் பேக்கில் 13 முறை ரீசார்ஜ் செய்ய வேண்டும். 'அ'வுக்கு ஆண்டுக்கு ரூ.3,900. 'ஆ'வுக்கு 12 முறை, ரூ.2,400. வித்தியாசம் ரூ.1,500. வகுப்பறைப் புத்தக மூலைக்கு அந்தத் தொகையில் நல்ல புத்தகங்கள் வாங்கலாம்.

ஆக, ஒப்பிட வேண்டியது ஒரு ஜிபியின் விலையை அன்று. நம் தேவையை நிறைவேற்ற ஓர் ஆண்டுக்கு ஆகும் செலவை. 30 நாள் செல்லுபடியாகும் பேக் குறைந்தது ஒன்றாவது ஒவ்வொரு நிறுவனமும் தர வேண்டும் என்று டிராய் 2022-இல் ஆணையிட்டது. கடைப் பலகையில் அது பெரும்பாலும் முதல் வரியில் இருக்காது. கேட்டு வாங்குங்கள்.

பள்ளி நாட்காட்டியையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். 84 நாள் பேக்கை ஜூனில் பள்ளி திறக்கும்போது போட்டால் ஆகஸ்ட் இறுதிவரை வேலை நாட்களில் பயன்படும். அதையே ஏப்ரலில் போட்டால் பெரும்பகுதி கோடை விடுமுறையில் போய்விடும். அதற்காக சிம்மை அப்படியே விட்டுவிடவும் கூடாது. 90 நாட்கள் எந்தப் பயன்பாடும் இல்லாத எண் முடக்கப்படலாம்.

வரம்பில்லா 5ஜி என்ற சலுகையை நம்பி மடிக்கணினிக்கு பேக் போடுவதற்கு முன், அதை ஹாட்ஸ்பாட் மூலம் பிற கருவிக்குப் பயன்படுத்த அனுமதி உண்டா என்று நிபந்தனைகளைப் படியுங்கள். உங்கள் பள்ளி இருக்கும் இடத்தில் 5ஜி வருகிறதா என்பதையும் முதல் படியிலேயே பார்த்திருப்பீர்கள்.

ஏற்கெனவே எடுத்த சிம் பள்ளியில் சரிவரவில்லை என்றால் எண்ணை மாற்றாமலே நிறுவனத்தை மாற்றலாம். நாடு முழுவதும் 2011 ஜனவரி முதல் இந்த வசதி இருக்கிறது. 'போர்ட்' என்பதை ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் அடித்து, ஓர் இடம் விட்டு, செல்போன் எண்ணைச் சேர்த்து 1900 என்ற எண்ணுக்குக் குறுஞ்செய்தி அனுப்பினால் ஒரு குறியீடு வரும். அதைக் கொண்டு புதிய நிறுவனத்தில் விண்ணப்பிக்கலாம். எண் எடுத்து 90 நாள் ஆகியிருக்க வேண்டும். பழைய பேக்கில் மீதி இருக்கும் டேட்டா போய்விடும் என்பதால் பேக் முடியும் தருவாயில் மாற்றுவது நல்லது.

செலவை யார் ஏற்பது?

ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்ட நெறிமுறைகளில், பள்ளிகளுக்கான ஒருங்கிணைந்த மானியத்தைச் செலவிடக்கூடிய இனங்களில் மின்கட்டணம், கற்பித்தல் துணைக்கருவிகள் ஆகியவற்றோடு இணையக் கட்டணமும் இடம்பெறுகிறது. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் தீர்மானம் வைத்து, ரசீதைப் பதிவேட்டில் ஒட்டி வையுங்கள். இன்று போட்ட ஐந்து வரிக் கணக்கைத் தீர்மானத்தோடு இணைத்தால், இந்தப் பள்ளிக்கு எவ்வளவு தேவை, ஏன் தேவை என்பது தணிக்கையின்போதும் தெளிவாக இருக்கும். செலவு செய்வதற்கு முன் அந்த ஆண்டின் வழிகாட்டுதலை வட்டார வள மையத்தில் ஒரு முறை கேட்டுக்கொள்ளுங்கள்.

சிம் யார் பெயரில் இருக்கிறது என்பதும் முக்கியம். மாறுதலில் போகும் ஆசிரியரின் பெயரில் பள்ளி சிம் இருந்தால் பின்னால் சிக்கல் வரும். எடுக்கும்போதே இதை யோசித்து, யார் பொறுப்பு என்று எழுதி வையுங்கள். உங்கள் பெயரில் எத்தனை எண்கள் இருக்கின்றன என்பதை மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் 'சஞ்சார் சாத்தி' தளத்தில் பார்க்கலாம். ஹாட்ஸ்பாட்டுக்கும் ரூட்டருக்கும் கடவுச்சொல் வையுங்கள், பள்ளிப் பெயரையோ 12345678 என்பதையோ வைக்காதீர்கள். நம் மடிக்கணினியில் குழந்தைகளின் ஆதார் எண், பெற்றோர் செல்போன் எண், சாதிச் சான்று விவரம் எல்லாம் இருக்கின்றன. அவற்றுக்கு நாம்தான் காவல்.

எந்த சிக்னலும் வராத பள்ளிகள்

மூன்று சிம்மும் −115 காட்டும் பள்ளிகளில் இருந்தும் இங்கே சிலர் வந்திருக்கிறீர்கள். அந்த இடத்தில் எவ்வளவு விலை கொடுத்து பேக் போட்டாலும் பயனில்லை. அந்தப் பணத்தை மிச்சப்படுத்துங்கள். உங்கள் அளவீட்டுத் தாளைக் கையில் எடுங்கள். கிராம ஊராட்சிகளைக் கண்ணாடி இழை மூலம் இணைக்கும் பாரத்நெட் பணி நம் மாநிலத்தில் டான்ஃபிநெட் நிறுவனம் வழியாக நடக்கிறது. உங்கள் ஊராட்சி அலுவலகம் வரை இழை வந்திருக்கிறதா, பள்ளிக்கு நீட்ட முடியுமா என்று ஊராட்சியில் எழுத்துபூர்வமாகக் கேளுங்கள். "எங்கள் பள்ளியில் நெட் கிடைக்காது" என்ற வாய்மொழியைவிட, தேதியும் நேரமும் எண்ணும் உள்ள ஒரு தாளுக்கு மதிப்பு அதிகம்.

அதுவரை, பாடத்தை இணையத்துக்குக் காத்திருக்க வைக்காதீர்கள். தீக்‌ஷா செயலியில் பாடங்களைப் பதிவிறக்கி வைத்து இணையம் இல்லாமல் பார்க்கலாம். வார இறுதியில் அடுத்த வாரத்துக்கானவற்றை வீட்டிலோ வட்டார வள மையத்திலோ இறக்கி வைத்துவிட்டால் வகுப்பறையில் வட்டம் சுற்றாது. நல்ல சிக்னல் உள்ள பள்ளிகளுக்கும் இதையேதான் சொல்வேன். முன்கூட்டியே இறக்கிய காணொலியை ஐந்து முறை போட்டாலும் டேட்டா ஒரு முறைதான் செலவாகும். காணொலி என்றால் குழந்தைகள் மறுபடியும் கேட்பார்கள், இல்லையா?

நிறைவாக, வீட்டுப்பாடம் ஒன்று. எல்லாருக்கும் இப்போது ஒரு தாள் தருகிறார்கள். அதில் மூன்று இடங்கள், மூன்று நேரங்கள், கிடைக்கும் சிம்கள் என்று கட்டம் இருக்கிறது. கீழே டேட்டா கணக்குக்கு ஐந்து வரிகள் இருக்கின்றன. அடுத்த கூட்டத்துக்குள் நிரப்பிக் கொண்டுவாருங்கள். மேல் வகுப்பு மாணவர்களையே அளக்கச் சொல்லலாம், குறை எண்களும் அலகு மாற்றமும் அவர்களுக்கு நன்றாக மனத்தில் பதியும். எல்லாப் பள்ளிகளின் தாள்களையும் சேர்த்தால், நம் ஒன்றியத்தில் எந்த ஊரில் எந்த சிம் எடுக்கும் என்று ஒரு வரைபடம் தயாராகிவிடும். அடுத்த ஆண்டு மாறுதலில் இந்த ஒன்றியத்துக்கு வரும் ஆசிரியர் யாரிடமும் விசாரிக்காமல் அந்த வரைபடத்தைப் பார்த்தே சிம் வாங்குவார்.

இப்போது கேள்விகள் இருந்தால் கேளுங்கள்.